கடல் கடந்த கடிதங்கள் – 9: மிளகும் மிளகாயும்

எம்டன் கப்பல் மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவின் கிலி நம் பட்டணத்தை விட்டு அகலுவதற்கு முன்னரே, அதே மாதம் 26-ஆம் தேதி, லாகூர் டிவிஷனைச் சேர்ந்த முதற் சிப்பாய்கள் பிரான்சு தேசத்தின் மார்செய் துறைமுகத்தில் காலடி வைத்தார்கள். அங்கே தொடங்கிய நமது கதை சென்ற வாரம் நெவ் ஷாப்பெல் என்னும் சிற்றூரின் இடிபாடுகளில் வந்து நின்றது.

1915 மார்ச் 10-ஆம் தேதி காலையில் மூண்டு நான்கு நாள் நடந்த அந்தச் சண்டையில் இந்தியச் சேனை நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சாவிலும் காயத்திலும் இழந்ததையும், முதல் நாளிலேயே எதிரியின் பதுங்குகுழிக்குள் பாய்ந்து வழி திறந்துவிட்டு அங்கேயே உயிர் துறந்த கார்வால் வீரன் கப்பர் சிங் நேகியையும் பார்த்தோம். பீரங்கிகள் ஓய்ந்த பின், உயிரோடு எஞ்சியவர்கள் செய்த முதற் காரியம் யாது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள்.

* * *

நம் பக்கத்துச் சிப்பாய்களான மதராஸ் ஸாப்பர்களும், பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆம் பட்டாளத்தாரும் அந்த யுத்தத்தில் மெஸபொடேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டவர்கள். பிரான்சுக்குப் போனவர்களோ பெரும்பாலும் பஞ்சாபியர், பட்டாணியர், டோக்ராக்கள், கார்வாலியர், கூர்க்காக்கள், ஜாட்டுகள். மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்த குடியானவர்களின் மக்கள் இவர்கள். எழுத்து வாசனை உள்ளவன் இவர்களிடையே அபூர்வம்.

ஆயினும் அந்த மார்ச் மாத அளவில் இவர்கள் வாரம் ஒன்றுக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை தாய்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சேனை இத்தனை கடிதங்களை எப்படி எழுதிற்று? கம்பெனிக்கு ஒருவனோ இருவரோ எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். முன்வரிசைக் குழியிலிருந்து பின்னுக்கு வந்து, பெத்யூன், எஸ்தேர், மெர்வில் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த பண்ணைகளின் வைக்கோல் கொட்டகைகளில் தங்கும் ஓய்வு நாட்களில், சேறு அப்பிய பூட்ஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த எழுத்தாளனைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருவன் தன் தமையனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவான். மற்ற மூவரும் கேட்டிருப்பார்கள். இடையே தங்கள் ஊர்ச் சேதியையும் சேர்க்கச் சொல்லுவார்கள். ஆகவே இந்தக் கடிதங்களில் அந்தரங்கம் என்பது எழுதும்போதே பாதி போய்விட்டது.

போய்ச் சேரும் இடத்திலும் அதே கதைதான். பஞ்சாபின் கிராமத்தில் அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ, ஊரில் எழுத்தறிந்த வேறு எவரோ உரக்கப் படிக்க, தாயும் மனைவியும் மட்டுமல்ல, அண்டை வீட்டாரும், பட்டாளத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் தங்களுக்குக் கடிதம் வராத மற்றத் தாய்மாரும் சூழ்ந்து நின்று கேட்பார்கள்.

சொல்பவன் வாயிலிருந்து கேட்பவள் செவிக்கு அந்தச் சொல் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாத காலம் பிடித்தது. மார்செய், சூயஸ், பம்பாய், அப்புறம் இருப்புப் பாதை, அப்புறம் தபால்காரனின் நடை. பிள்ளை சௌக்கியம் என்று வாத்தியார் படிக்கும் நேரத்தில் அவன் உண்மையிலே சௌக்கியமாக இருந்தானா என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அறியார்.

இந்த நெடிய பாதையின் நடுவே, ஒருவரும் அழைக்காத ஒரு வாசகர் இருந்தார். இவ்வார அத்தியாயம் அவரைப் பற்றியது.

* * *

அவர் பெயர் ஈவ்லின் ஹவெல். இந்தியன் ஸிவில் ஸர்வீஸைச் சேர்ந்த உத்தியோகஸ்தர். எல்லைப்புறத்து மொழிகளில் பயிற்சி பெற்றவர். குதிரைப் படை ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளராக பிரான்சுக்கு வந்திருந்த அவரை, 1914-ஆம் வருஷத்துக் கடைசி மாதங்களில், இந்தியத் தபால்களைப் பரிசோதிக்கும் தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். முதலில் ரூவான் நகரில் இருந்த அவருடைய அலுவலகம், பின்பு கடற்கரை ஊரான பூலோனுக்கு மாறிற்று.

நியமனத்துக்குக் காரணம், சிப்பாய் வீட்டுக்கு என்ன எழுதுகிறான் என்ற கவலை அன்று; சிப்பாய்க்கு வெளியிலிருந்து என்ன வருகிறது என்ற கவலையே. கலிபோர்னியாவில் குடியேறிய பஞ்சாபியர் நடத்திய கதர்க் கட்சியின் பத்திரிகை, ராணுவத்தில் கலகத்தைத் தூண்டும் நோக்கத்தோடு தபாலில் புகுந்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அதே சமயத்தில் பெர்லினில் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயரும், திருவனந்தபுரத்திலிருந்து சென்ற நம் செண்பகராமன் பிள்ளையும், வேறு சில தேசபக்தர்களும் கூடி அமைத்த இந்தியக் கமிட்டி, சிப்பாய்களைப் பிரிட்டிஷ் அணியை விட்டு விலகி வரும்படி அழைத்து இந்திய மொழிகளில் துண்டுப் பிரசுரங்கள் எழுதிக் கொடுக்க, அவை பதுங்குகுழிகளின் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தன. நவம்பர் மாதத்தில் துருக்கி சுல்தான் ஜெர்மனியின் பக்கம் யுத்தத்தில் இறங்கியதும், முஸ்லிம் சிப்பாய்களின் மனம் எந்தப் பக்கம் சாயுமோ என்ற விசாரமும் சேர்ந்துகொண்டது.

இந்த அச்சங்களால் உள்வரும் தபாலைத் திறக்கத் தொடங்கியவர்கள், சில வாரங்களுக்குள்ளேயே, இங்கிலாந்து மருத்துவமனைகளில் கிடந்த காயம்பட்டவர்கள் எழுதி அனுப்பும் கடிதங்களையும் திறக்கத் தலைப்பட்டார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து வந்தவற்றையும். ரெஜிமெண்டு தோறும் வெள்ளை அதிகாரியே தம் சிப்பாய்களின் கடிதங்களைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் உருதும் குருமுகியும் அறிந்த பழைய அதிகாரிகள் முதற் குளிர்காலத்திலேயே பெருவாரியாக மாண்டு போனார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பாஷையும் தெரியாது, அவகாசமும் கிடையாது. ஆகவே பாரம் முழுவதும் பூலோனில் வந்து விழுந்தது.

உருது, குருமுகி, ஹிந்தி, பஷ்து, நேபாளி என்று பல பாஷைகளில் குவிந்த அந்தக் கடித மலைக்கு எதிரே ஹவெலிடம் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க உதவியாளர்களே. எல்லாவற்றையும் படிப்பது மானிட சாத்தியம் அன்று. கைக்கு வந்தவற்றைப் படித்தார்கள். குறிப்பிடத்தக்க பகுதிகளை இங்கிலீஷில் பெயர்த்தார்கள். வாரந்தோறும் அவற்றைத் தொகுத்து ஓர் அறிக்கையோடு மேலதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். சிப்பாய்கள் எழுதிய மூலக் கடிதங்கள் கிராமத்துப் பரண்களில் மழைக்கும் கரையானுக்கும் பெரும்பாலும் இரையாகிவிட, அவர்களை வேவு பார்ப்பதற்கென்று எழுதிய அந்த அறிக்கைகளே இன்று அவர்களுடைய குரலை நமக்குக் காத்துத் தந்திருக்கின்றன.

ஹவெலைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் குஷால் கான் கட்டக் என்னும் பட்டாணிய மகாகவியின் செய்யுட்களை இன்னொருவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தவர் அவர். கீழ்த்திசை மொழிகளின் ரசம் அறிந்தவர். அந்த ரசனையே, பூலோன் அறையில் அவருக்கு ஒரு விசித்திரமான எச்சரிக்கையாக வந்து வாய்த்தது. எப்படி என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

* * *

என்ன எழுதினார்கள்?

முதலில் சௌக்கிய விசாரணை. தாயாருக்கு நமஸ்காரம், தமையனுக்கு ஸலாம், இன்னாரின் மாடு கன்று போட்டதா, வாய்க்கால் தண்ணீர் வந்ததா, கோதுமை எப்படி, வழக்கு என்னாயிற்று, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா. பீரங்கி முழக்கத்துக்கு நடுவே உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் வரப்புத் தகராற்றுக்கு யோசனை சொல்லும் கடிதங்கள் அநேகம். அந்த வரப்பும் மாடும்தான் அவனை மனிதனாக வைத்திருந்தன என்பது என் அபிப்பிராயம்.

பிறகு சாப்பாடு. ஆட்டா, பருப்பு, நெய், வெல்லம் யாவும் கிடைக்கின்றன, குறை இல்லை என்று எழுதுவார்கள். அது உண்மையும்கூட. ஹிந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் ஒரு முறைப்படியும் முஸ்லிம்களுக்கு வேறு முறைப்படியும் தனித்தனியே ஆடு அறுப்பதற்கு ஏற்பாடு இருந்தது. சாப்பாட்டில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1857-ஆம் வருஷத்தை மறவாத சர்க்கார் நன்கு அறிந்திருந்தது.

அதற்கப்புறம் தேசத்து அதிசயங்கள். ஃபிளாண்டர்ஸ் பண்ணைகளில் நாயைச் சக்கரத்தில் ஓடவிட்டு வெண்ணெய் கடைவது, பெண்கள் ஏர் பிடிப்பது, கடைகளில் பேரமே இல்லாமல் ஒரே விலை சொல்வது, ஏழைக் குடியானவனின் மகளும் பத்திரிகை படிப்பது. இந்தக் கடைசி அதிசயம் பல சிப்பாய்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று வீட்டுக்குக் கண்டிப்பாக எழுதியவர்கள் பலர். தங்கள் சொந்தக் கடிதத்தைத் தாங்களே எழுத முடியாதவர்கள் எழுதுவித்த வாக்கியம் அது.

தங்கியிருந்த வீட்டுக் கிழவிகளைப் பற்றியும் எழுதினார்கள். தன் புதல்வர்களை யுத்தத்தில் பறிகொடுத்தும், இந்தக் கறுத்த அந்நியனின் சட்டையைத் துவைத்து, விடியலில் காப்பி வைத்துக் கொடுத்து, அவன் புறப்படும்போது கண்ணீர் விடுகிற பிரெஞ்சுக்காரியைத் தன் தாயாகவே எழுதிய சீக்கியன் உண்டு. அவ்வாறு எழுதும்போது, ஊரில் இருக்கும் தாய் மனம் வருந்துமே என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. அங்கேயும் எனக்கு ஒரு தாய் இருக்கிறாள், நீ கவலைப்படாதே என்பதல்லவா அதன் பொருள்!

எழுதாமல் விட்டவையும் உண்டு. முழங்கால் மட்டும் குளிர்ந்த தண்ணீர் தேங்கிய குழியில் நாட்கணக்காக நின்று கால் விரல்கள் கறுத்துப் போனதை வீட்டுக்கு எழுதியவர்கள் குறைவு. இந்திய வெயிலுக்காகத் தைத்த பருத்திக் காக்கி உடுப்போடு அவர்கள் அந்தக் குளிர்காலத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். எறிகுண்டுகள் போதாமையால் காலி ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் திணித்து, திரி வைத்துக் கட்டி, தாங்களே குண்டு செய்து எறிந்தார்கள். திரி சற்றுச் சீக்கிரம் எரிந்துவிட்டால் எறிபவன் கையோடு போக வேண்டியதுதான். இவற்றைத் தாய்க்கு எழுதி ஆவதென்ன? பாரத யுத்தம் போன்றது இது என்றும், அதனினும் கொடியது என்றும், உலகம் முடியும் காலம் என்றும் பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் கேட்பவர்கள் பாரதக் கதையை அறிந்தவர்கள். பதினெட்டாம் நாளில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

* * *

1915-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில், மருத்துவமனைகளிலிருந்து வந்த கடிதங்களில் ஹவெல் ஒரு மாற்றத்தைக் கண்டார். காயம்பட்டவர்கள் கவிதை எழுதத் தொடங்கியிருந்தார்கள். விரக்தியும் பிரிவும் மண்டிய ஈரடிகள், கடிதத்துக்கு இடையிடையே.

வேறொருவர் அதைக் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடும். கவிதையை உணர்ந்த ஹவெல் மகிழவில்லை. சிப்பாய்கள் இப்படிக் கவிதையில் இறங்குவது மனக்கலக்கத்தின் தீய அறிகுறி என்றே தமக்குத் தோன்றுவதாக மேலிடத்துக்கு எழுதினார்.

கலக்கத்துக்குக் காரணம் வெளிப்படையானது. சிப்பாய் பட்டாளத்தில் சேரும்போது மனத்தில் வைத்திருந்த கணக்கு ஒன்று உண்டு. உப்பைத் தின்றவன் சண்டை போடுவான், காயம்பட்டால் அவன் கடன் தீர்ந்தது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லைப்புறச் சண்டைகளில் பெரும்பாலும் அப்படியே நடந்தும் வந்தது. ஆனால் பிரான்சில் நடந்த யுத்தம் மனிதர்களை விழுங்கிய வேகத்துக்கு, இந்தியாவில் பழகிய ரிஸர்வ் படை ஈடு கொடுக்கவில்லை. அனுப்பப்பட்ட ரிஸர்வுக்காரர்களில் பலர் வயோதிகர், நோயாளிகள். ஆகவே குணமான காயக்காரனைப் பார்ட்டன் என்ற கடற்கரையிலிருந்த தேறுதல் முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து மார்செய்க்கும், மார்செய்யிலிருந்து மறுபடியும் குழிக்கும் அனுப்பத் தொடங்கினார்கள்.

இங்கேதான் இந்தக் கதையின் திருப்பம் இருக்கிறது. குளிரையும் சேற்றையும் பீரங்கியையும் தாங்கிக்கொண்ட மனம், இந்த ஓர் உத்தரவில் உடைந்தது. சாவதற்கு அஞ்சியவர்கள் அல்லர் அவர்கள். திரும்புவதற்கு முடிவே இல்லை, செத்தால் ஒழிய விடுதலை இல்லை என்ற கணக்குத்தான் அவர்களை வாட்டிற்று.

சிலர் வேறு வழி தேடினார்கள். வீட்டிலிருந்து சேராங்கொட்டை அனுப்பும்படி கேட்டெழுதிய கடிதங்கள் பூலோனில் பிடிபட்டன. வண்ணார் துணிக்குக் குறியிடும் அந்தக் கொட்டையின் பால் பட்டால் உடம்பு வீங்கிப் புண்ணாகும் என்பது நம் கிராமங்களிலும் தெரிந்த விஷயமே. கையில் குண்டு பட்டவர்கள் தாங்களே சுட்டுக்கொண்டார்களோ என்ற சந்தேகமும் அதிகாரிகளுக்கு எழுந்தது. பிரைட்டனில் இருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் ஸர் புரூஸ் ஸேடன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்து, அவ்வாறு பரவலாக நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார். ஆயினும் சந்தேகிக்கப்பட்டவன் மனத்தில் அந்த வடு நிற்கும் அல்லவா?

* * *

பிரைட்டன் என்ற பெயரைச் சொன்னோம். இங்கிலாந்தின் தென் கடற்கரையில் உள்ள அந்த உல்லாச நகரத்தில், நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்த காலத்தில் தமக்கென்று கட்டுவித்த ராயல் பவிலியன் என்னும் மாளிகை, வெங்காய வடிவக் கும்பங்களும் மினார்களுமாக, வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஹிந்துஸ்தானத்து நவாபின் அரண்மனை போலத் தோன்றும். 1914 டிசம்பரில் அது இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாயிற்று. சித்திர விளக்குகளும் தங்கப் பூச்சும் நிறைந்த மண்டபங்களில் இரும்புக் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. 9 சமையலறைகள்; ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள்; உருது, ஹிந்தி, குருமுகி மூன்றிலும் அறிவிப்புப் பலகைகள்; புல்வெளியில் சீக்கியர்களுக்கு ஒரு கூடாரக் குருத்துவாரம். இறந்த ஹிந்துக்களையும் சீக்கியர்களையும் நகருக்கு வெளியே மேட்டுநிலத்தில் முறைப்படி தகனம் செய்தார்கள். முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

சக்கரவர்த்தி தம் சொந்த அரண்மனையையே சிப்பாய்களுக்காக விட்டுக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் கடிதம் பறந்தது. அந்த மாளிகை 1850-லேயே பிரைட்டன் நகரசபையின் உடைமை ஆகிவிட்டது என்பதை ஒருவரும் சிப்பாய்க்கு எடுத்துச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை வளர்ப்பதே சர்க்காருக்கு அனுகூலமாக இருந்தது. மாளிகையின் சரித்திரத்தைச் சொல்லும் சித்திரப் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்திலும் உருதுவிலும் குருமுகியிலும் அச்சிட்டார்கள்.

இந்த உபசாரங்களெல்லாம் வெறும் பாசாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பகலாகக் காயம் கட்டிய டாக்டர்களின் கருணை மெய்யானது. சிப்பாய்களும் அதை நெஞ்சாரப் புகழ்ந்து எழுதினார்கள். ஆனால் அதே ஊரில், பழைய ஏழை விடுதியில் அமைந்த கிச்சனர் மருத்துவமனையில், மதிலும் முள்வேலியும் காவலுமாக இருந்த நிலைமையைச் சிறை என்றே எழுதினவர்களும் உண்டு. வெளியே போகக் கூடாது, கடைத்தெருவுக்குக் கூடாது, வெள்ளைப் பெண்களோடு பேசுவது கூடவே கூடாது. தம் ராஜ்யத்துக்காக ரத்தம் சிந்தியவனை நம்ப மனமில்லாத அந்த வேலி, பவிலியனின் தங்கப் பூச்சை விட அதிகமாகச் சிப்பாயின் மனத்தில் பதிந்தது.

* * *

இந்த ஸ்திதியில்தான் இங்கிலாந்திலிருந்த ஒரு சிப்பாயின் கடிதம் பரிசோதகர் கையில் அகப்பட்டது.

மேற்பார்வைக்கு அது மளிகைக் கணக்கு. கறுப்பு மிளகு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. இப்போது சிவப்பு மிளகாயைச் செலவழிக்கிறார்கள். ஆனாலும் இடையிடையே கறுப்பு மிளகும் தலை காட்டுகிறது. கறுப்பு மிளகு நல்ல காரம், சிவப்பு மிளகாய்க்கு அவ்வளவு காரம் போதாது. இந்த ரகசியத்தை நன்றாக யோசித்துப் புரிந்துகொள். கருத்து இவ்வளவுதான்.

அடுப்பங்கரை விஷயத்தை ரகசியம் என்று யாராவது எழுதுவார்களா? பூலோன் அறையில் இருந்தவர்களுக்கு அது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் வெள்ளைச் சோல்ஜர். முன்வரிசையில் இந்தியர்கள் அநேகமாக அழிந்து போனார்கள், இப்போது வெள்ளையர்களை இறக்குகிறார்கள், சண்டையில் நம்மவருக்கு அவர்கள் ஈடில்லை. சேனையின் நஷ்டக் கணக்கும், அதைச் சுமந்த சேனையின் கர்வமும், இரண்டும் அந்த மிளகுப் பொட்டலத்துக்குள் இருந்தன.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் கடிதத்தை அதிகாரி ஒருவர் படிக்கிறார் என்று அறியாதவனுக்கு இப்படி மறைபொருள் வைத்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. சிப்பாய்கள் அறிந்திருந்தார்கள். அறிந்த பின்னர், அவர்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் முகவரியில் ஒருவரும் முகவரியில் இல்லாத ஒருவருமாக இரண்டு பேர் ஆயினர். சிலர் அந்த இரண்டாமவரை ஏமாற்ற முயன்றார்கள். வேறு சிலரோ, தங்கள் குறையை நேரே சொல்லிக்கொள்ள வேறு வாசல் இல்லாமையால், அந்த இரண்டாமவர் காதில் விழட்டும் என்றே எழுதினார்கள் என்று அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. காயம்பட்டவனை மீண்டும் குழிக்கு அனுப்பாதீர்கள் என்ற முறையீடு, மனைவிக்கும் தமையனுக்கும் எழுதிய கடிதங்களில் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு என்ன காரணம் சொல்வது?

ஹவெல் என்ன செய்தார்? கடிதங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அவர் போகவிட்டார். மறைபொருளில் பேசிப் பழகிய ஜனங்களின் கடிதங்களை முற்றிலும் அடைக்க எவராலும் இயலாது என்பதும், அடைத்தால் சிப்பாய்களின் மனநிலையை அறியும் வழியும் அடைபட்டுப் போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆகவே வழியை அடைக்காமல், வழியில் போவதைக் குறித்து வைத்தார். காயக்காரர்களின் குமுறல் வாரந்தோறும் இங்கிலீஷில் பெயர்க்கப்பட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

மேலே இருந்தவர்கள் படித்தார்கள். உத்தரவு மாறவில்லை.

* * *

இனி இரண்டு சகோதரர்களின் கதைக்கு வருவோம். திராப் பள்ளத்தாக்கு எல்லைப்புறத்துக்கு அப்பால், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்படாத மலைநாடு. அங்கே பிறந்த அஃப்ரீதிப் பட்டாணியர்கள் இவர்கள், இருவரும் ஜமேதார்கள்.

இளவேனிலும் பிறவாத 1915 மார்ச் 2-ஆம் தேதி இரவு, நெவ் ஷாப்பெல் சண்டைக்கு ஒரு வாரம் முன்னர், 58-ஆம் பட்டாளத்து ஜமேதார் மீர் மஸ்த், தம் இனத்தார் சிலரை அழைத்துக்கொண்டு இருளில் குழியை விட்டு ஏறி, ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எட்டு வாரம் கழிவதற்குள், ஏப்ரல் 26-ஆம் தேதி, ஈப்பர் நகரத்துக்கு அருகே நஞ்சுக் காற்று மிதந்து வந்த வயலில், 57-ஆம் பட்டாளத்தோடு சேர்க்கப்பட்டிருந்த ஜமேதார் மீர் தஸ்த், வெள்ளை அதிகாரி ஒருவர் கூட எஞ்சாத நிலையில், சிதறி ஓடிய சிப்பாய்களைச் சேர்த்து நிறுத்தி, பின்வாங்கும் உத்தரவு வரும் வரையில் பிடித்து வைத்திருந்தார். அதற்கப்புறமும் கடும் சூட்டுக்கு நடுவே எட்டு அதிகாரிகளைத் தூக்கிக் காப்பதற்குத் துணை நின்றார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் அளிக்கப்பட்டது.

மீர் மஸ்த், மீர் தஸ்த் இருவரும் உடன்பிறந்தவர்கள்.

நஞ்சுக் காற்று மீர் தஸ்தின் தேகத்தை விட்டு இறங்கவே இல்லை. பதக்கம் மிக நல்ல பொருள்தான், ஆனால் இந்த நஞ்சு என்னை இளைப்பாற விடவில்லை, என் கதை முடிந்தது என்ற கருத்துப்பட அவர் ஊருக்கு எழுதிய கடிதமும் பரிசோதகர் கண்ணில் பட்டது.

1915 ஆகஸ்டு 21-ஆம் தேதி, பிரைட்டன் பவிலியனின் தோட்டத்துப் புல்வெளியில், ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி தம் கையாலேயே அந்தப் பதக்கத்தை மீர் தஸ்தின் மார்பில் அணிவித்தார். தலைப்பாகையும் மருத்துவமனை அங்கியுமாகச் சிப்பாய்கள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள்.

அன்று அங்கே நடந்ததைப் பற்றிக் காயக்காரர்கள் எழுதிய கடிதங்களில் ஒரு செய்தி வருகிறது. சக்கரவர்த்தி அருகே நின்ற அந்த க்ஷணத்தில், மீர் தஸ்த் தமக்கென்று நிலமும் கேட்கவில்லை, பென்ஷனும் கேட்கவில்லை. ஒரு முறை காயம்பட்டவனை மறுபடியும் சண்டைக்கு அனுப்பக் கூடாது என்று விண்ணப்பித்துக்கொண்டார்.

பூலோன் அறையில் எட்டு மாதமாக மடல் மடலாகக் குவிந்து, பெயர்க்கப்பட்டு, அறிக்கையாகி, மேஜைகளில் உறங்கிக் கிடந்த அந்த ஒரே வாக்கியத்தை, ஓடிப்போன ஒருவனின் உடன்பிறந்தவர், சாம்ராஜ்யத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை மார்பில் தாங்கிக்கொண்டு, நேருக்கு நேர் சக்கரவர்த்தியிடமே சொல்லிவிட்டார். லூஸ் என்னும் ஊரில் அடுத்த பெருஞ்சண்டைக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதிக்கு இன்னும் ஐந்து வாரமே இருந்தது. பார்ட்டன் முகாமில் குணமானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விண்ணப்பம் பிரைட்டன் புல்வெளியோடு நின்றுவிட்டதா, அல்லது யுத்த மந்திரி கிச்சனர் பிரபுவின் மேஜை வரை போயிற்றா?

(அடுத்த வாரம்)